அல்லியம் பூ நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் வருமா? வரும், ஆனா இப்படிப் பண்ணணும்

யூடியூப்ல வெளிநாட்டுத் தோட்டம் பாக்கறப்ப ஒத்தத் தண்டு மேல ஊதா கலர்ல பந்து மாதிரி ஒரு பூ நிக்கும் பாருங்க, அதுதான் அல்லியம். நம்ம வெங்காயம், பூண்டு குடும்பம்தான். எனக்கு அது மேல அப்படி ஒரு ஆசை. பாலக்கோடு பக்கம் எங்க வீட்டுல ரெண்டு வருசம் கெட்டுப்போய் மூணாவது வருசம்தான் புரிஞ்சுது, அதனால நீங்க காசை வீணாக்கறதுக்கு முன்னாடி இதப் படிச்சிருங்க.

முதல் விஷயம் குளிர். பெரிய பந்து பூக்கற ரகமெல்லாம் பனி விழற ஊரோடது, மண்ணுக்குள்ள ரெண்டு மூணு மாசம் நல்லா குளிர்ந்தாதான் கிழங்குல இருந்து பூத்தண்டு ஏறும். நம்ம ஊர் மார்கழிக் குளிர் அதுக்குப் பத்தாது. நான் முதல் வருசம் ஆன்லைன்ல வாங்கி வந்த கையோட ஆடி மாசமே நட்டேன், மழையில அழுகிப்போச்சு. ரெண்டாவது வருசம் ஃப்ரிட்ஜ்ல வச்சேன், ஆனா அதே தட்டுல ஆப்பிளும் வாழைப்பழமும் இருந்துது. இலை வந்துது, பூ வரல. பழுக்கற பழம் விடற எத்திலீன் வாயு உள்ள இருக்கற பூமொட்டைக் கருக்கிடும்னு அப்புறம்தான் தெரிஞ்சுது.

அதனால கிழங்கு புரட்டாசி வாக்குல கைக்கு வந்தா அன்னைக்கே பேப்பர் கவர்ல போட்டு ஃப்ரிட்ஜ் கீழ்த்தட்டுல வைங்க, ஃப்ரீசர்ல வேண்டாம், 4ல இருந்து 7 டிகிரி இருந்தா போதும், பக்கத்துல பழம், தக்காளி எதுவும் கூடாது. 12 வாரம் கழிச்சு மார்கழில எடுத்து உடனே நட்டுருங்க. வாங்கறப்பவே ஏற்கனவே குளிர்ல வச்ச கிழங்கான்னு கேட்டுக்கங்க, அப்படின்னா காத்திருக்கற வேலை குறையும்.

மண்ணு, ரெண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு நல்லா மக்கின தொழு உரம். பச்சைச் சாணி போட்டா கிழங்கு அழுகும். கிழங்கோட உயரத்துக்கு மூணு மடங்கு ஆழம், தட்டையான வேர்ப்பக்கம் கீழ, கூர்முனை மேல. தொட்டிக்கு அடியில தட்டு வைக்காதீங்க, தண்ணி நின்னா முடிஞ்சுது. நட்டதும் ஒரு தடவை நல்லா ஊத்திட்டு, அப்புறம் விரல் விட்டுப் பாத்து மேல் மண்ணு காஞ்சிருந்தா மட்டும் ஊத்துங்க. பூக்கற நேரத்துல இலை நுனி மஞ்சளாகும், பயந்து கூட தண்ணி விடாதீங்க, அது அப்படித்தான். ஓசூர்ல இருக்கற எங்க சித்தி வீட்டுல, அது கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம், ராவெல்லாம் சில்லுன்னு இருக்கும், அங்க நல்லா பூத்துது. எங்க வீட்டுல நட்ட அஞ்சுல ரெண்டுதான் பூத்துது. அதே கிழங்கு அடுத்த வருசமும் பூக்கும்னு நம்பாதீங்க, ஒரு சீசன் அழகு அவ்ளோதான்.

வருசா வருசம் பூ வேணும்னா பூண்டு சைவ்ஸ் போடுங்க, அதுவும் அல்லியம்தான், குளிரே கேக்காது. தட்டை இலை, கசக்கினா பூண்டு வாசம், மழைக்காலத்துல வெள்ளை நட்சத்திரம் கொத்தா பூக்கும். விதை புதுசா இருக்கணும், ஒரு வருசம் தாண்டின வெங்காயக் குடும்ப விதை சரியா முளைக்காது. ஒரு தடவை கொத்து பெருத்துட்டா பிரிச்சுப் பிரிச்சு நட்டுட்டே போலாம், இலையைக் கிள்ளி ஆம்லெட்டுக்கும் போடலாம்.

ஆனா நான் மனசார சொல்றது பெல்லாரி வெங்காயம்தான். கார்த்திகைல சமையக்கட்டுல முளைவிட்டுக் கெடக்குமே, அதுல கெட்டியா இருக்கறதா நாலஞ்சு எடுத்து கழுத்து மட்டும் வெளிய தெரியற மாதிரி நடுங்க. தை, மாசில நடுவுல உப்பின குழல் தண்டு ரெண்டு மூணு அடி வரும், உச்சியில மெல்லிசு வெள்ளைத் தோல் மூடின கூர் மொட்டு. அந்தத் தோல் ஒரு பக்கமா கிழியறப்ப உள்ள பச்சைக் கோடு போட்ட குட்டிக் குட்டி மொட்டு நெருக்கிட்டு எட்டிப் பாக்கும், நாளுக்குக் கொஞ்சமா விரிஞ்சு முழு வெள்ளைப் பந்தாகும். காலைல போய் நின்னீங்கன்னா ஒரே பூவுல நாலஞ்சு தேனீ இருக்கும். சின்ன வெங்காயத்துல பூ வேணும்னா கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தோட கோ 5 ரகம் பாருங்க, பூத்து விதையும் கட்டும்.

இலையில வெள்ளிக் கோடு மாதிரி தெரிஞ்சா இலைப்பேன். ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்காலமா அடிங்க, பூ விரிஞ்ச பிறகு அடிக்காதீங்க, தேனீக்கு ஆகாது. நாய், கன்னுக்குட்டி இருக்கற வீட்டுல எட்டாத எடமா வைங்க, வெங்காயக் குடும்பம் அதுங்க ரத்தத்தையே கெடுத்துரும்.

பந்து காஞ்சு கருப்பு விதை எட்டிப் பாக்கறப்ப தண்டோட வெட்டி, பேப்பர் கவருக்குள்ள தலைகீழா கட்டித் தொங்க விடுங்க. ஒரு வாரத்துல விதையெல்லாம் கவருக்குள்ள கொட்டிரும், அடுத்த ஐப்பசிக்கு நாத்து விட ஆகும்.