முடக்குவாதம்: வலி போனால் நோய் போனதாகாது

காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க முடியவில்லை. ஒரு மணி நேரமாவது ஆனால்தான் கை இளகுகிறது. இதை 'தேய்மானம்' என்று சொல்லித் தைலம் தேய்த்துக்கொண்டே மாதங்களை ஓட்டுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. தேய்மானத்தில் முக்கியமாகக் கெடுவது குருத்தெலும்பு. முடக்குவாதத்தில் (ருமடாய்டு ஆர்த்ரைட்டிஸ், சுருக்கமாக ஆர்ஏ) முதலில் பற்றிக்கொள்வது மூட்டின் உள்சவ்வு.

நல்ல மூட்டில் அந்தச் சவ்வின் மேல்பரப்பு ஒன்று முதல் மூன்று செல் கனம்தான் இருக்கும். மூட்டு வழுக்கிக்கொண்டு அசைய ஒரு திரவத்தைச் சுரப்பது அதன் வேலை. சொந்த உடம்பையே எதிரியாக நினைக்கும் நோய் எதிர்ப்புச் செல்கள் அங்கே குடியேறியதும் நிலைமை மாறுகிறது. அவற்றில் டி செல்கள் என்ற வகை உசுப்பிவிட, மேக்ரோபேஜ் என்ற இன்னொரு வகைச் செல்கள் டிஎன்எஃப், ஐஎல்-1 போன்ற, அழற்சியைத் தூண்டும் புரதங்களைக் கொட்டுகின்றன. அது கிடைத்ததும் சவ்வுச் செல்கள் பெருகத் தொடங்கி, பதிலுக்கு ஐஎல்-6 என்ற அதே மாதிரிப் புரதத்தைச் சுரந்து இன்னும் பல எதிர்ப்புச் செல்களைக் கூப்பிடுகின்றன. சாக வேண்டிய செல்களும் சாவதில்லை. பத்து அடுக்குக்கும் மேல் தடித்த சவ்வு, களைபோலக் குருத்தெலும்பின்மேல் படர்ந்து எலும்பையும் அரிக்கிறது.

ஆகவே, 'நீர் கோத்திருக்கிறது, எடுத்துவிட்டால் சரி' என்பது பாதி உண்மைதான். நீரை எடுக்கலாம், அதைச் சுரக்கும் சவ்வு அங்கேயே இருக்கும். வலி மாத்திரையும் அப்படித்தான். வலி குறையும், சவ்வின் வளர்ச்சி நிற்காது. லண்டனில் மார்க் ஃபெல்ட்மன், ரவீந்தர் மைனி என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 1992இல் டிஎன்எஃப்பைத் தடுக்கும் மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்தபோது வீக்கமே வடிந்தது. பிடிக்க வேண்டிய இடம் எது என்று அதில் தெரிந்தது.

'எதிர்ப்புச் சக்தி குறைந்ததால்தான் வந்தது' என்று கஷாயமும் பொடியுமாக வாங்குகிறவர்கள் ஏராளம். இங்கே சிக்கல் சக்திக் குறைவல்ல, குறி தவறியது.

இந்த நோயைக் கண்டுபிடிக்க ரத்தத்தில் பார்க்கும் 'ஆர்ஏ ஃபேக்டர்' நெகட்டிவ் என்றதும் நிம்மதியாகிவிடாதீர்கள். நோயாளிகளில் 20 முதல் 30 சதவீதம் பேருக்கு அது நெகட்டிவாகவே இருக்கும்.

அப்புறம், வலியை மட்டுமல்ல, நோயையே அடக்கக் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை. முடக்குவாதத்துக்கு இது வாரம் ஒருமுறை மருந்து. தினமும் விழுங்கிவிட்டால் ரத்த அணுக்கள் சரிந்து உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று மாத்திரை அட்டையிலேயே எழுதி வையுங்கள். பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். இரண்டாம் வாரத்திலேயே 'கேட்கவில்லை' என்று நிறுத்தாதீர்கள்.