'இட்' நடுவிலா, கடைசியிலா?

திருப்பூரில் பையர்களுக்கு, அதாவது ஆடை வாங்குவோருக்கு, மின்னஞ்சல் எழுதும் மெர்ச்சண்டைசர்களை (ஆர்டர்களைக் கவனிப்பவர்களை) மனதில் வைத்து இதை எழுதுகிறேன். சாம்பிள், ஷிப்மென்ட் என்று நாள் முழுக்க ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். ஆனாலும் வினையோடு அவுட், ஆஃப், இன்ட்டு சேரும் இடத்தில் கை தயங்குகிறது.

'ஃபில் அவுட் த ஃபார்ம்', 'ஃபில் த ஃபார்ம் அவுட்' இரண்டுமே சரி. ஃபார்முக்குப் பதில் 'இட்' போட்டால் மட்டும் அது நடுவில்தான் வர வேண்டும்: 'ஃபில் இட் அவுட்'. 'ஃபில் அவுட் இட்' தவறு. இங்கே 'அவுட்' ஒரு வினையுரிச்சொல், அதனால் தள்ளி நிற்க அதற்குச் சம்மதம். 'லுக் அட்', 'டீல் வித்' அப்படியல்ல. அட், வித் எல்லாம் முன்னிடைச்சொற்கள், தனக்குரிய பெயர்ச்சொல்லுக்கு முன்னால்தான் நிற்கும். ஆகவே 'டீல் வித் இட்'.

காதும் உதவும். சொல்லிப் பாருங்கள்: 'ஃபில் இட் அவுட்' என்பதில் அழுத்தம் 'அவுட்' மேல் விழும், 'லுக் அட் இட்' என்பதில் 'லுக்' மேல்.

அப்புறம் 'லுக் ஃபார்வர்டு டு'. இந்த 'டு' முன்னிடைச்சொல், அதனால் 'ஹியர்' வராது, 'ஹியரிங்' என்றே வரும். இந்தப் பிழை மின்னஞ்சலின் கடைசி வரியிலேயே உட்கார்ந்துவிடுவதால் தயவுசெய்து கவனியுங்கள்.

புதிய சேர்க்கை ஒன்றில் சந்தேகம் வந்தால், ஆங்கிலம் கற்போருக்கான அகராதியைத் திறங்கள். 'புட் சம்திங் ஆஃப்' என்று நடுவில் சம்திங் இருந்தால் பிரிக்கலாம். 'லுக் ஆஃப்டர் சம்படி' என்று கடைசியில் இருந்தால் பிரிக்காதீர்கள்.