நான்கு நாய், ஒரே வடம்: காட்டு முகாமில் வேட்டை நாய்களைக் கட்டிப் படுக்கவைக்கும் முறை

இதை எழுத வைத்தது ஒரு மழை இரவு. வண்டி போகாத இடத்துக்கு நடந்தே போய் இரண்டு ராத்திரி தங்கும் முகாம். கூட நான்கு நாய்கள். இரண்டு மரத்துக்கு நடுவே ஒரு நைலான் கயிறு கட்டி, அதில் நான்கு வளையம் கோத்து, வளையத்துக்கு ஒரு சங்கிலியாக மாட்டியிருந்தேன். சாயங்காலம் பார்க்கும்போது நன்றாகத்தான் இருந்தது. நள்ளிரவில் ஒரு நாய் வீல் என்று கத்தியது. ஓடிப்போய் டார்ச் அடித்தால், மூன்று நாய்கள் கயிற்றின் நடுவில் ஒரே குவியலாகக் கிடக்கின்றன. மூத்த பெட்டையின் பின்னங்காலில் பக்கத்து நாயின் சங்கிலி மூன்று சுற்று இறுகிக் கிடந்தது. நான்காவது சங்கிலியின் நுனியில் வெறும் கழுத்துப் பட்டை மட்டும் ஈரத்தில் மின்னியது.

ஓடிப்போனது விடிந்த பிறகு தானாக வந்து சேர்ந்தது. பெட்டைக்குக் காயம் ஆற பத்து நாளுக்கு மேல் ஆனது. அதற்குப் பிறகு மூன்று பருவம் மாற்றி மாற்றிக் கட்டிப் பார்த்து, இப்போது ஒரு முறைக்கு வந்திருக்கிறேன்.

இது வண்டியில் நாய்க்கூண்டு வைத்திருப்பவர்களுக்கான பதிவு இல்லை. கூண்டு இருந்தால் அதிலேயே படுக்க வையுங்கள், அதைவிடப் பத்திரமான ஏற்பாடு கிடையாது. தடுப்பூசி, வேட்டைக்கான அனுமதி, அந்தக் காட்டுக்குள் நாயைக் கொண்டுபோகலாமா என்கிற விசாரணை எல்லாம் முடித்துவிட்டுத்தான் கிளம்புவீர்கள் என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

படி 1: இடம்

பள்ளத்தின் அடியில் கட்டாதீர்கள். ராத்திரியில் குளிர்ந்த காற்று கனமாகி இறங்கி அங்கேதான் தேங்கும். சரிவில் கொஞ்சம் மேலே ஏறினாலே வித்தியாசம் தெரியும். அண்ணாந்து பார்த்து, மேலே பட்ட கிளை ஏதும் தொங்குகிறதா என்று கவனியுங்கள். நாய் எட்டும் தூரத்தில் விழுந்த மரம், பாறை விளிம்பு, திட்டு எதுவும் இருக்கக்கூடாது. கட்டிய நாய் அதைத் தாண்டிக் குதித்தால் மறுபக்கம் தரை எட்டாமல் கழுத்தில் தொங்கிவிடும். இந்த ஒரு விஷயத்தில் சமரசமே வேண்டாம்.

சமைக்கும் இடத்திலிருந்து தள்ளி, ஆனால் நீங்கள் படுத்திருக்கும் டென்ட்டிலிருந்து குரல் கேட்கும் தூரத்தில் இருக்கட்டும். எனக்குப் பதினைந்து அடி போதும்.

சிறுத்தையோ ஓநாயோ நடமாடும் காடு என்றால் இந்தப் பதிவை இங்கேயே மூடிவிடலாம். சிறுத்தைக்கு நாய் இரை. ஓநாய்க்கு அது எல்லைக்குள் வந்த அந்நியன். கட்டிப்போட்ட நாயால் ஓடவும் முடியாது, திருப்பிச் சண்டை போடவும் முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் நாய்கள் உங்களோடு டென்ட்டுக்குள்தான் படுக்க வேண்டும். நாற்றம் அடிக்கத்தான் செய்யும்.

படி 2: வடம் (இங்கேதான் நான் சறுக்கினேன்)

என் முதல் ஏற்பாட்டில் இரண்டு தப்பு. வளையங்கள் கயிற்றில் தாராளமாக நகர்ந்தன. கயிறு நனைந்து தொய்ந்தது. இரண்டும் சேர்ந்ததால் நான்கு நாய்களும் நடுவுக்கு வழுக்கி வந்துவிட்டன.

தொய்வைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் கணக்குப் போட்டுப் பார்க்கும்வரை நானே நம்பவில்லை. இரண்டு மரத்துக்கு இடைவெளி 10 மீட்டர் என்று வையுங்கள். கயிறு வெறும் 10 சென்டிமீட்டர் நீண்டுவிட்டது, அதாவது நூற்றில் ஒரு பங்கு. இப்போது நடுவில் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்தால் எவ்வளவு வரும்? ஒரு சாண்கூட வராது என்றுதான் நான் நினைத்தேன். உண்மையில் 70 சென்டிமீட்டர் வரும். பாதிக் கயிறு 5.05 மீட்டர், பாதி இடைவெளி 5 மீட்டர். செங்கோண முக்கோணம் போட்டால் மிச்சப் பக்கம் 0.7 மீட்டர். பள்ளிக்கூடத்தில் படித்த பிதாகரஸ்தான்.

ஒரு நாய் அந்த 70 சென்டிமீட்டரை இழுத்துக்கொண்டு போனால் பக்கத்து நாயின் சங்கிலியும் கூடவே நகரும். தொய்ந்த கயிறு தரையில் வளைந்து கிடக்கும். அந்த வளைவுக்குள் கால் போகும். மிச்சக் கதைதான் மேலே சொன்னது.

நைலான் இழுத்தால் அதிகம் நீளும், நனைந்தால் இன்னும் மோசம். அதனால் இப்போது என்னிடம் இருப்பது பிளாஸ்டிக் உறை போட்ட மெல்லிய எஃகுக் கம்பிவடம். நீளாது, கடித்தாலும் அறாது. சுமக்கக் கனமாக இருக்கும் என்பவர்கள் பாலியெஸ்டர் கயிறு எடுத்துக்கொள்ளலாம். நைலான் அளவுக்கு நீளாது. ஆனால் மெல்லும் பழக்கமுள்ள நாய் ஒன்று இருந்தாலும் கயிறு பக்கமே போகாதீர்கள்.

கட்டும் முறை:

மரத்தைச் சுற்றி இரண்டு அங்குலத்துக்குக் குறையாத அகலமுள்ள பட்டைவாரைப் போடுங்கள். கம்பியை நேரடியாகச் சுற்றினால் மரப்பட்டையை அறுத்துவிடும். வாரில் வடத்தின் ஒரு முனையை மாட்டி, மறுமுனையில் டர்ன்பக்கிள் (திருகினால் நீளம் குறைந்து வடத்தை இறுக்கும் இரும்பு இணைப்பு) வைத்துத் திருகி இறுக்குங்கள். உயரம் தரையிலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டர். குதிரை கட்டுபவர்கள் வடத்தைத் தலைக்கு மேலே கட்டுவார்கள். அதைப் பார்த்து நாய்க்கும் அப்படிச் செய்ய வேண்டாம்.

இறுக்கியதும் நடுவில் நின்று, வடத்தைக் காலால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். ஒரு கைப்பிடி அகலத்துக்கு மேல் நகர்ந்தால் இன்னும் இறுக்க வேண்டும். அரை மணி கழித்து, நாய்கள் இழுத்துப் பார்த்த பிறகு, மறுபடி ஒரு முறை. இரண்டாவது முறையைத்தான் எல்லோரும் மறக்கிறோம்.

நாய்க்கு நாய் 2 மீட்டர். 10 மீட்டர் வடத்தில் 2, 4, 6, 8 ஆகிய இடங்களில் வளையம், முனைகளில் மரத்திலிருந்து 2 மீட்டர் இடைவெளி. மரத்துக்கு அருகில் கட்டினால் மரத்தையே சுற்றிச் சுற்றி வந்து கழுத்து இறுகி நிற்கும். வளையம் நகராமல் இருக்க அதன் இரு பக்கமும் கம்பிவடக் கிளாம்ப் போட்டு முடுக்குங்கள். கயிறு என்றால் அந்தந்த இடத்தில் எட்டு வடிவ முடிச்சுப் போட்டு, சங்கிலி மாட்ட ஒரு காது வையுங்கள்.

படி 3: சங்கிலி, கொக்கி, பட்டை

ஒவ்வொரு வளையத்திலிருந்தும் 60 சென்டிமீட்டர் சங்கிலி. “பாவம், இன்னும் கொஞ்சம் நீளமாக விடலாமே” என்று தோன்றும். விடாதீர்கள். இரண்டு நாயும் ஒன்றை ஒன்று நோக்கி முழுக்க எட்டினாலும் கழுத்துக்கும் கழுத்துக்கும் நடுவே 80 சென்டிமீட்டர் மிஞ்ச வேண்டும். நிற்க, திரும்ப, சுருண்டு படுக்க 60 போதும். மிக உயரமான நாய் என்றால் சங்கிலியை நீட்டுங்கள், அதே அளவுக்கு இடைவெளியையும் கூட்டுங்கள்.

சங்கிலியின் இரு முனையிலும் ஸ்விவல், அதாவது முறுக்கு ஏறாமல் தானாகச் சுற்றும் இணைப்பு, வேண்டும். நாய் படுக்கும் முன் நாலு சுற்று சுற்றும். ராத்திரியில் எத்தனை முறை எழுந்து படுக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஸ்விவல் இல்லாத சங்கிலி விடிவதற்குள் முறுக்கேறிப் பாதியாகிவிடும். மணலும் சேறும் புகுந்தால் ஸ்விவல் சுற்றாமல் நின்றுவிடும். மாட்டும் முன் விரலால் சுற்றிப் பார்த்தால் போதும்.

கொக்கியில் எனக்குப் பிடிவாதம் உண்டு. கட்டைவிரலால் இழுத்துத் திறக்கும் போல்ட் வகைக் கொக்கிதான் வாங்குவேன், அதிலும் பித்தளை. உள்ளே அமுக்கினால் திறக்கும் கராபினரை நாயின் கழுத்துப் பக்கம் மாட்டவே மாட்டேன். வளையத்தில் ஒரு கோணத்தில் அழுந்தினால் தானாகத் திறந்துகொள்ளும்.

கழுத்துப் பட்டை தட்டையாக, அகலமாக இருக்கட்டும். இரண்டு விரல் நுழைய வேண்டும், மூன்றாவது நுழையக்கூடாது. இழுத்தால் இறுகிக்கொண்டே போகும் சுருக்குச் சங்கிலியில் ராத்திரி கட்டுவது கழுத்தை நெரிப்பதற்குச் சமம். ஒல்லித் தலை, தடித்த கழுத்து உள்ள ஓட்ட நாய்களுக்குத் தட்டைப் பட்டை உருவிக்கொண்டு வந்துவிடும். ஓர் அளவு வரை இறுகி அதோடு நிற்கும் மார்ட்டிங்கேல் பட்டை அவற்றுக்குச் சரி. அன்று எனக்கு ஓடிப்போனது அந்த ஜாதிதான். நாய் இருக்கும் இடத்தைக் காட்டும் ஜி.பி.எஸ். பட்டையில் கட்டாதீர்கள், ஆனால் ராத்திரியும் கழற்றாதீர்கள்.

படி 4: யார் பக்கத்தில் யார்

இது உங்களுக்குத்தான் தெரியும். இரண்டு இளம் கடுவன்களை அடுத்தடுத்துக் கட்டாமல் நடுவில் ஒரு கிழட்டுப் பெட்டையை வையுங்கள். இணைசேரும் பருவத்தில் இருக்கும் பெட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

படி 5: படுக்கையும் கூரையும்

புதிதாக வருபவர்கள் கூரையைப் பற்றியே யோசிக்கிறார்கள். நாயின் சூட்டை அதிகம் உறிஞ்சுவது அடியில் இருக்கும் ஈரத் தரை. ஓடிக் களைத்து, ரோமம் நனைந்து வந்த நாய் வெறும் மண்ணில் சுருண்டால் விடியும்வரை நடுங்கும். முதலில் துணியால் துடைத்துக் காயவைத்து, பிறகு படுக்கை.

வண்டி வரும் முகாம் என்றால் வைக்கோல். தண்டு உள்ளே குழலாக இருப்பதால் காற்றைப் பிடித்து வைக்கும், ஈரத்தையும் சீக்கிரம் குடிக்காது. காய்ந்த புல் அப்படி இல்லை, ஈரம் ஊறிப் பூஞ்சை பிடிக்கும். பழைய கம்பளி அதைவிட மோசம். நனைந்துவிட்டால் அது படுக்கை இல்லை, ஈரத் துண்டு. சில இடங்களில் களை விதை கலக்காத வைக்கோலைத்தான் உள்ளே விடுவார்கள், விசாரித்துக்கொள்ளுங்கள்.

நடந்து போகும் முகாமுக்கு, மலையேறுபவர்கள் படுக்கும் கெட்டியான நுரைப்பாயை இரண்டாக வெட்டி, சாக்குத்துணியில் உறை தைத்துக் கொண்டுபோகிறேன். உறை இல்லாமல் கொடுத்தால் காலையில் நுரைத் துகள்களைப் பொறுக்கிக்கொண்டிருப்பீர்கள்.

கூரைக்கு இரண்டு தார்ப்பாய், ஒவ்வொன்றும் 4 மீட்டருக்கு 2 மீட்டர். வடத்துக்கு நேர் மேலே, தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் இன்னொரு கயிறு. வடம் 20 சென்டிமீட்டரில் இருக்கிறது, சங்கிலி 60. நாய் பின்னங்காலில் நின்றாலும் கழுத்துப் பட்டை 80-க்கு மேல் எட்டாது, மேல் கயிற்றில் சங்கிலி மாட்டவும் வழியில்லை. 1 மீட்டர் என்று சொல்வது அதனால்தான். தார்ப்பாயின் மேல் விளிம்பை அந்தக் கயிற்றில் கட்டி, காற்று வரும் பக்கம் சாய்த்து, வடத்திலிருந்து 1.2 மீட்டர் தள்ளித் தரையில் இறக்குங்கள். மிஞ்சும் பாயை உட்பக்கம் மடித்து வரிசையாகக் கல் வையுங்கள், அடியில் காற்று புகாது. முன்பக்கம் திறந்தே இருக்கட்டும். மூடினால் மூச்சின் ஈரம் சொட்டாகத் திரும்பி விழும். தார்ப்பாயைத் தாங்கக் கழியோ இழுவைக் கயிறோ வைத்தால் நாய் எட்டாத தூரத்தில் வையுங்கள்.

குளிர் தாங்காமல் வண்டிக்குள் எஞ்சினை ஓடவிட்டு நாயைப் போடுவது, டென்ட்டுக்குள் கரியடுப்பு வைப்பது இரண்டுமே கார்பன் மோனாக்சைடு என்கிற விஷவாயுவில் முடியும்.

படி 6: தண்ணீர், தீனி, மலம்

சும்மா கிடக்கும் நாய்க்கே கிலோவுக்கு ஏறத்தாழ 50 முதல் 60 மில்லி தண்ணீர் ஒரு நாளைக்கு வேண்டும். 25 கிலோ நாய்க்கு ஒன்றரை லிட்டர் என்று வையுங்கள். ஓடிய நாளில் அதைவிட அதிகம். தேங்கிய குட்டையில் குடிக்க விடாதீர்கள், எலிக்காய்ச்சல் கிருமி அதில் இருக்கலாம்.

வேலை முடிந்து வந்த உடனே வயிறு முட்டத் தீனி போடாதீர்கள். நெஞ்சு ஆழமான ஜாதிகளுக்கு இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு, காட்டுக்குள் அதற்கு வைத்தியம் இல்லை. மூச்சு அடங்கி ஒரு மணி நேரம் போகட்டும். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வையுங்கள், பத்து நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். மிச்சத் தீனி கரடியைக் கூப்பிடும். தீனி மூட்டையும் உங்கள் சாப்பாட்டோடு சேர்ந்து தொலைவில் இருக்க வேண்டும்.

மலத்தை நீர்நிலையிலிருந்து 60 மீட்டராவது தள்ளி, ஒரு சாண் ஆழத்தில் புதையுங்கள்.

படி 7: படுக்கும் முன்

டார்ச்சோடு ஒரு சுற்று. விரலிடுக்கு, காது மடல், அக்குள் எல்லாம் தடவி உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். பாதத்தில் வெட்டு இருந்தால் இப்போதே கட்டுங்கள். ஒவ்வொரு கொக்கியையும் ஒரு முறை இழுத்துப் பாருங்கள்.

காலையில் ஒன்றை அவிழ்த்தால் மற்ற மூன்றும் துள்ளும், வடத்துக்கு அதிக இழுவை வரும் நேரம் அதுதான். முனையில் இருப்பதிலிருந்து தொடங்கி, கழுத்துப் பட்டையில் கைவாரை மாட்டிப் பிடித்த பிறகே சங்கிலியின் கொக்கியைக் கழற்றுங்கள்.

சேர்க்கை 1: “என் நாய் ராத்திரி முழுக்கக் குரைத்தே தீர்த்தது” என்று மூன்று பேர் எழுதியிருந்தார்கள். மூவருமே நாயை முதல் தடவை வடத்தில் கட்டியது காட்டில்தான். நான் அடிப்படை என்று நினைத்து எழுதாமல் விட்டது என் தப்பு. கிளம்பும் முன் வீட்டில் மூன்று ராத்திரியாவது இதே வடம், இதே பாய், இதே வரிசையில் கட்டிப் பழக்குங்கள்.

சேர்க்கை 2: மரமே இல்லாத இடத்தில் என்ன செய்வது என்று ஒரு கேள்வி. இரும்பு முளைதான். முளையின் தலை வடத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். முனைக்கு ஒன்று போதாது, ஒன்றின் பின்னால் ஒன்றாக இரண்டு அடித்து முதலாவதின் தலையிலிருந்து இரண்டாவதின் அடிக்குக் கயிறு கொடுங்கள். மணல் தரையில் இதுவும் பிடுங்கிக்கொண்டு வந்தது. அங்கே ஒரு சாக்கில் மணலை நிரப்பி, வடத்தை அதில் கட்டி, முழங்கால் ஆழத்தில் புதைத்தேன். மறுநாள் தோண்டி எடுக்கத்தான் அரை மணி ஆனது.

சேர்க்கை 3: உறை குளிரில் போல்ட் கொக்கி பனி பிடித்துத் திறக்கவில்லை என்று ஒருவர். அவர் கையுறையைக் கழற்றி, உள்ளங்கையில் ஒரு நிமிடம் பொத்திப் பிடித்துத் திறந்தாராம். நாக்கை வைத்து இளக்கப் பார்க்காதீர்கள் என்றும் எழுதியிருந்தார். எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.