சி மொழியில் இருபரிமாண அரே: எத்தனை வரிசை என்று முன்கூட்டித் தெரியாதபோது

வட்டம் வாரியாக, மாதம் வாரியாக மழை அளவை வைத்துக்கொள்ளும் ஒரு சின்ன புரோகிராமை எடுத்துக்கொள்வோம். வேலூர் மாவட்டத்தில் இப்போது 6 வட்டங்கள்: வேலூர், காட்பாடி, அணைக்கட்டு, குடியாத்தம், கே.வி.குப்பம், பேரணாம்பட்டு. மாதம் 12. 'ஃப்ளோட் மழை[6][12]' என்று ஒரே வரியில் எழுதிவிடலாம்தான். ஆனால் 2019-இல் மாவட்டம் பிரிந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாகப் போயின. பிரிவதற்கு முன்னால் எழுதியிருந்தால் அந்த எண் 6 ஆக இருந்திருக்காது. அதனால் எண்ணைக் கோடுக்குள் ஆணி அடித்து வைக்காமல், புரோகிராம் ஓடும்போது கேட்டு வாங்கி, அந்த அளவுக்கு மட்டும் நினைவகம் எடுக்கப் பழகுவோம்.

கோடு வரிகளை நாம் வாசிக்கிற மாதிரி தமிழில் தந்திருக்கிறேன். கணினியில் வழக்கம்போல் ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடியுங்கள். மேலே ஸ்டிடிலிப் (stdlib.h) ஹெடரைச் சேர்க்க மறக்க வேண்டாம்; நினைவகம் வாங்கும் மாலாக் (malloc), காலாக் (calloc), திருப்பிக் கொடுக்கும் ஃப்ரீ (free) எல்லாம் அதில்தான்.

படி 1: முதலில் முகவரிகளுக்கு இடம்

ஃப்ளோட் **மழை = மாலாக்(வட்டம் * சைஸ்ஆஃப்(ஃப்ளோட் *));

இங்கே மழை அளவுக்கு இன்னும் இடம் வாங்கவில்லை. ஒவ்வொரு வட்டத்தின் வரிசையும் எங்கே இருக்கிறது என்ற முகவரியை வைக்கத்தான் இடம். 64 பிட் கணினியில் ஒரு பாயின்டர், அதாவது முகவரியை வைக்கும் மாறி, 8 பைட், ஆக 6 × 8 = 48 பைட். மாலாக் 'நல்' திருப்பித் தந்தால் இடம் கிடைக்கவில்லை என்று பொருள். அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

படி 2: ஒவ்வொரு வரிசைக்கும் இடம்

ஃபார் (இன்ட் வ = 0; வ < வட்டம்; வ++)
  மழை[வ] = காலாக்(மாதம், சைஸ்ஆஃப்(ஃப்ளோட்));

மாலாக் தருகிற இடத்தில் பழைய குப்பை கிடக்கும். காலாக் அதைப் பூஜ்யமாக்கித் தரும். மழையே இல்லாத மாதத்துக்கு எதுவும் எழுதாமல் விட்டாலும் 0 என்றே இருக்கும், அதனால்தான் இங்கே காலாக். இனி மழை[1][10] என்றால் காட்பாடியின் நவம்பர் மழை. எண்ணுவது பூஜ்யத்திலிருந்து.

அதிகம் பேர் விழுகிற பள்ளம்

என்னிடம் சி படிக்கும் ஒரு தம்பி போன வாரம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். "அண்ணா, நாலு வட்டத்துக்கு ஒழுங்கா வாங்குது, கே.வி.குப்பம் வந்ததும் செக்மென்டேஷன் ஃபால்ட்." தனக்கு உரிமையில்லாத நினைவகத்தைத் தொட்டதால் புரோகிராம் நின்றுவிட்டது என்று பொருள். கோடைப் பார்த்தால், படி 1-இல் நட்சத்திரக் குறியை விட்டுவிட்டு சைஸ்ஆஃப்(ஃப்ளோட்) என்று மட்டும் எழுதியிருந்தான். ஃப்ளோட் 4 பைட், ஆக வாங்கியது 24 பைட். அதில் மூன்று முகவரிகள்தான் அடங்கும். மீதி மூன்றும் எல்லை தாண்டின: நான்காவது, வேலூர் வரிசைக்குச் சற்று முன்னால் மாலாக் தன் கணக்குக்கு வைத்திருக்கும் இடத்தில் விழுந்தது; மற்ற இரண்டும் பக்கத்தில் இருந்த வேலூர் வரிசையின் இடத்தில் போய் உட்கார்ந்தன. அப்புறம் வேலூரின் ஜனவரி, பிப்ரவரி மழையை எழுதியதும் ஐந்தாவது முகவரி அழிந்தது. தப்பு நடந்தது முதல் வரியில், சத்தம் வந்தது ஐந்தாவது வட்டத்தில். அதனால்தான் இதைக் கண்டுபிடிக்க இவ்வளவு நேரம் ஆகிறது.

தப்பிக்க நல்ல வழி, சைஸ்ஆஃப்(*மழை) என்று எழுதுவது. மழை எந்த வகையானாலும் அளவு தானாகச் சரியாக வரும்.

படி 3: திருப்பிக் கொடுப்பது

முதலில் ஃப்ரீ(மழை[வ]) என்று எல்லா வரிசைகளையும் லூப்பில் விடுங்கள், கடைசியில் ஃப்ரீ(மழை). மாற்றிச் செய்தால் முகவரிப் பட்டியல் முதலில் போய்விடும், வரிசைகளைத் தேட வழி இருக்காது.

ஒரே துண்டாக வாங்குவது

முறை புரிந்த பிறகு நான் சொல்வது இதைத்தான்:

ஃப்ளோட் *மழை = காலாக்(வட்டம் * மாதம், சைஸ்ஆஃப்(*மழை));

மழை[வ * மாதம் + மா] என்று எடுத்தால் போதும். முன்பு 48 பைட் முகவரிக்கு, 288 பைட் மழைக்கு, மொத்தம் 336. இப்போது வெறும் 288. ஃப்ரீ ஒரே முறை. எல்லாம் தொடர்ச்சியாக இருப்பதால் வாசிப்பதும் வேகம். பல ஆண்டுக் கணக்கு வேண்டுமா, மூன்றாவது பரிமாணமும் இதே வழியில் வரும்: மழை[(ஆ * வட்டம் + வ) * மாதம் + மா].

ஆனால் தினசரி மழையை மாதத்துக்கு ஒரு வரிசையாக வைப்பதானால் ஜனவரிக்கு 31 இடம், பிப்ரவரிக்கு 28. வரிசைக்கு வரிசை நீளம் மாறுகிற அந்த மாதிரி வேலைக்கு முதலில் சொன்ன பாயின்டர் முறையே பொருத்தம். படி 2-இல் காலாக்கில் 'மாதம்' இருக்கும் இடத்தில் நாள்[வ] (அந்த மாதத்தின் நாள் எண்ணிக்கை) என்றும், படி 1, 2 இரண்டிலும் 'வட்டம்' இருக்கும் இடத்தில் 'மாதம்' என்றும் போட்டுக்கொள்ளுங்கள்.