பெயர் தெரியாத எதிரணியை ஒரே மாலையில் அறிந்துகொள்வது எப்படி

ஐரோப்பியக் கால்பந்துப் போட்டிக்கான குலுக்கல் முடிந்ததும், கேள்விப்படாத கிளப் ஒன்று எதிரணியாக வந்து விழும். உடனே ரசிகர்கள் இரண்டு கட்சியாகிவிடுவார்கள். ஒரு கட்சி "நாலு கோல் உறுதி" என்னும், இன்னொன்று "இப்படித்தான் முன்பும் மண்ணைக் கவ்வினோம்" என்னும். இரண்டுக்கும் ஆதாரம் இருக்காது. ஆதாரம் தேட இரண்டு மூன்று மணி நேரம் போதும், எதை முதலில் பார்ப்பது என்று தெரிந்திருந்தால்.

முதல் வேலை, சரியான கிளப்பைத்தான் தேடுகிறோமா என்று பார்ப்பது. ருமேனியாவில் எஃப்சிஎஸ்பி என்று இன்று ஆடும் அணி 2017 வரை ஸ்டாவா புக்கரெஸ்ட் என்ற பெயரில் ஆடியது. பெயர் உரிமை வழக்கில் போனதால் மாற்றிக்கொண்டது. அதே நகரில் சிஎஸ்ஏ ஸ்டாவா என்று வேறொரு அணியும் உண்டு. டினமோ, ராபிட் போன்ற பெயர்கள் பல நாடுகளில் இருக்கின்றன. அந்தந்த நாட்டு எழுத்தில் பெயரைத் தட்டித் தேடினால் உள்ளூர்ச் செய்திகள் கிடைக்கும். உலாவியின் மொழிபெயர்ப்பே காயம், தடை விவரங்களுக்குப் போதும்.

அடுத்து உள்நாட்டு லீக் அட்டவணைக்கு ஓடாதீர்கள். சிறிய லீக்கில் முப்பது ஆட்டத்தில் இருபத்தைந்து வெல்வது, உங்கள் பின்கள வீரர்களை அவர்கள் எப்படிச் சோதிப்பார்கள் என்று சொல்லாது. கடந்த இரண்டு ஆண்டுகளில் ஐரோப்பிய ஆட்டங்களில், அதுவும் வெளியூரில் என்ன செய்தார்கள் என்று மட்டும் பாருங்கள். தகுதிச் சுற்றுகளை விட்டுவிடக் கூடாது. 2021 செப்டம்பர் 28 அன்று மால்டோவாவின் ஷெரிஃப் டிராஸ்போல் ரியல் மாட்ரிட்டை அதன் மைதானத்திலேயே 2-1 என்று வென்றபோது உலகம் வாயைப் பிளந்தது. ஆனால் தகுதிச் சுற்றில் ரெட் ஸ்டார் பெல்கிரேடையும் டினமோ சாக்ரெப்பையும் வெளியேற்றியிருந்தது அதே ஷெரிஃப். அந்த நான்கு ஆட்டங்களில் அது வாங்கியது ஒரே ஒரு கோல். இந்த ஒரு வரி தெரிந்தவர் "நாலு கோல் உறுதி" என்று சொல்லியிருக்கமாட்டார்.

மூன்றாவது நாட்காட்டி. பலர் தடுமாறுவது இங்கேதான். நார்வே, சுவீடன், ஃபின்லாந்து, ஐஸ்லாந்து, கஜகஸ்தான் லீக்குகள் வசந்தத்தில் தொடங்கி ஆண்டின் கடைசி மாதங்களில் முடியும். ஜூலையில் வரும் தகுதிச் சுற்றில் அவர்கள் பாதி சீசன் ஆடி முடித்த சூட்டில் இருப்பார்கள், உங்கள் அணி நட்பு ஆட்டங்களில் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். பிப்ரவரியில் நிலைமை தலைகீழ். அவர்களுக்கு லீக் தொடங்கியே இருக்காது.

ஆனால் பிப்ரவரிக் கணக்கை அப்படியே நம்பிவிடவும் கூடாது. நார்வேயின் போடோ/கிளிம்ட் 2022 பிப்ரவரியில், லீக் விடுமுறையில் இருந்தபோதே, கிளாஸ்கோவில் செல்டிக்கை 3-1, தன் ஊரில் 2-0 என்று வென்றது. அதுவும் ஜனவரியில் பாட்ரிக் பெர்க், எரிக் போதெய்ம், ஃப்ரெட்ரிக் பியொர்கான் மூவரும் அணியை விட்டுப் போன பிறகு. ஆட்கள் போனாலும் 4-3-3 (நான்கு பின்களம், மூன்று நடுக்களம், மூன்று முன்களம்) அமைப்பும் முன்னேறி நெருக்கும் பழக்கமும் போகவில்லை. ஆகவே ஜனவரி விற்பனையைப் பார்க்கும்போது "யார் போனார்" என்பதோடு நிறுத்தாமல் "பயிற்சியாளர் அதே ஆள்தானா" என்றும் பாருங்கள். என் கணிப்பில் இரண்டாவது கேள்விக்குத்தான் எடை அதிகம்.

நாட்காட்டியின் மறுபக்கம் உங்கள் சொந்த அணி. 2021 அக்டோபர் 21 அன்று இத்தாலியின் ரோமா போடோவில் 6-1 என்று தோற்ற கதையை எல்லோரும் சொல்வார்கள். தேதிகளைச் சொல்வோர் குறைவு. அக்டோபர் 17 யுவென்டஸ், 24 நாப்போலி. நடுவில் மாட்டிய வியாழன் போடோ. ரோமாவின் அன்றைய பயிற்சியாளர் மொரீனியோ முதல்வரிசை வீரர்கள் பலரை ஓய்வில் விட்டார். இடைவேளையில் 2-1தான், அதன் பிறகு நான்கு கோல். எதிரணியின் தரமும் ரகசியமில்லை. அதற்கு முந்தைய ஆண்டு லீக்கில் 30 ஆட்டங்களில் 103 கோல் அடித்த அணி, சான் சீரோ மைதானத்தில் ஏசி மிலானிடம் 3-2 என்றுதான் தோற்றிருந்தது. எனவே முதலில் உங்கள் அணியின் முந்தைய ஞாயிறு, அடுத்த ஞாயிறு இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டிலும் பெரிய அணி என்றால், நடுவில் ஆடப்போவது இரண்டாம் வரிசை என்று வைத்துப் பேசுங்கள்.

மைதானம். போடோ ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே இருக்கிறது. ஆஸ்ப்மிரா மைதானத்தில் சுமார் 8,000 பேர் அமரலாம், தரை செயற்கைப் புல். அங்கே ஈரமான தரையில் பந்து சறுக்கி விரையும், உலர்ந்தால் துள்ளல் கூடும். நீண்ட பாஸ்கள் கோட்டைத் தாண்டி ஓடிவிடும். வீரர்கள் சறுக்கித் தடுக்கத் தயங்குவார்கள், வழக்கமான ஆணிக் காலணியையும் மாற்ற வேண்டியிருக்கும். உங்கள் அணியின் பலமே எதிரியின் முதுகுக்குப் பின்னால் நீளப் பந்து போடுவது என்றால் இது கவலைப்பட வேண்டிய விஷயம். நேரில் போக நினைப்பவருக்கு ஒரு கணக்கு: வெளியூர் ரசிகர்களுக்கு யூஏஃபா (ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பு) விதி கட்டாயமாக்குவது மைதான இருக்கைகளில் குறைந்தது 5 சதவீதம். 8,000 பேர் மைதானத்தில் அது 400 சீட்டு. விமான டிக்கெட்டை முதலில் வாங்கிவிட்டு ஆட்டச் சீட்டுக்கு அலைவது பழைய தவறு. இன்னொன்று, சிறு கிளப்பின் மைதானம் யூஏஃபா தரத்துக்கு எட்டாவிட்டால் ஆட்டம் வேறு ஊரில் நடக்கும். ஃபாரோ தீவுகளின் கிளாக்ஸ்விக் 2023இல் குழு ஆட்டங்களைத் தலைநகர் டோர்ஸ்ஹவனில்தான் ஆடியது. இடத்தை உறுதி செய்யாமல் விடுதி பிடிக்காதீர்கள்.

இப்போது காணொளி. கோல் தொகுப்பு மட்டும் பார்த்தால் எல்லா அணியும் பிரேசில்தான். வலுவான அணிக்கு எதிராக அவர்கள் ஆடிய இரண்டு முழு ஆட்டங்களை எடுத்து, ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டுங்கள். கோல் கிக்கை அருகில் தட்டுகிறார்களா, தூக்கி அடிக்கிறார்களா? பந்தை இழந்த முதல் ஐந்து நொடியில் பாய்கிறார்களா, பின்வாங்குகிறார்களா? அறுபதாவது நிமிடத்துக்குப் பிறகு அந்தப் பாய்ச்சல் குறைகிறதா? கார்னரில் ஆளுக்கு ஆள் காவலா, இடத்துக்குக் காவலா? எல்லாவற்றுக்கும் மேலாக, க்ராஸ் (ஓரத்திலிருந்து கோல் முன்னால் போடும் பந்து) எந்தக் காலிலிருந்து வருகிறது? ஷெரிஃப் உக்ரைனின் ஷக்தாரை 2-0 என்று வென்றபோது இரண்டு கோலுக்கும் பந்து கொடுத்தது இடது பின்கள வீரர் கிறிஸ்டியானோ. இரண்டு வாரத்தில் மாட்ரிட்டில் விழுந்த முதல் கோலும் அவர் க்ராஸ்தான். அந்த ஒரு ஆட்டத்தைப் பார்த்திருந்தவருக்கு இது புதிதாக இருந்திருக்காது.

மஞ்சள் அட்டைக் கணக்கில் பலர் வழுக்குவார்கள். மூன்று வெவ்வேறு ஆட்டங்களில் மஞ்சள் வாங்கினால் ஓர் ஆட்டம் தடை. கால் இறுதி முடிந்ததும் சேர்ந்த அட்டைகள் கழிந்துவிடும். ஆனால் அதற்குள் தடை வாங்கிவிட்டவர் அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் உட்கார வேண்டியதுதான். 2025 மே மாதம் இங்கிலாந்தின் டாட்டன்ஹாமுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் போடோவுக்கு, அணிக்குத் திரும்பி வந்திருந்த கேப்டன் பெர்க்கும் ஹோகன் எவியனும் இல்லாமல் போனது இப்படித்தான். 3-1 தோல்வி.

இரண்டு ஆட்டச் சுற்று என்றால், "வெளியூர் கோலுக்கு இரட்டை மதிப்பு" என்று பேசுபவரை நிறுத்துங்கள். அந்த விதி 2021-22 சீசனிலிருந்து இல்லை. வெளியூரில் ஒரு கோலில் தோற்பது இப்போது பெரிய காயமல்ல. அந்த விதி இருந்த காலத்திலேயே செல்டிக் 2016 ஜூலையில் ஜிப்ரால்டரின் லிங்கன் ரெட் இம்ப்ஸிடம் 1-0 என்று தோற்று ஊரே சிரித்தது. ஒரு வாரத்தில் 3-0 என்று கதையை முடித்தது.

ஆட்டம் தொடங்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் இருக்கையில் அணிப் பட்டியல் வரும். அதை முந்தைய லீக் ஆட்டத்துப் பட்டியலோடு வைத்து எண்ணுங்கள். இரண்டு மூன்று பேர் மாறியிருந்தால் மாலையில் போட்ட கணக்கு நிற்கும். ஆறேழு பேர் மாறி, அதில் நடுக்கள வீரர்களும் இருந்தால், அதுவரை பேசிய கோல் எண்ணிக்கையை அழித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.