நர்ஸ் பிராக்டிஷனர் படிப்புக்குப் பரிந்துரைக் கடிதம் வாங்குவது எப்படி?

அமெரிக்காவில் ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) ஆக வேலை பார்த்துக்கொண்டே நர்ஸ் பிராக்டிஷனர் (நோயைக் கண்டறிந்து மருந்தும் எழுதித்தரும் மேல்நிலை நர்ஸ்) படிப்புக்கு விண்ணப்பிக்கப் போகிறீர்களா? மற்ற வேலையெல்லாம் நம் கையில் இருக்கிறது. பரிந்துரைக் கடிதம் மட்டும் அடுத்தவர் கையில். அதனால் அதிலிருந்தே தொடங்குங்கள்.

படி 1: யாரிடம் கேட்பது?

கல்லூரியின் விதியை முதலில் படியுங்கள். பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று கடிதம் கேட்பார்கள்: ஒன்று பாடம் நடத்திய பேராசிரியரிடமிருந்து, இன்னொன்று உங்கள் வேலையை மேற்பார்வை செய்பவரிடமிருந்து. சில இடங்களில் ஒரு நர்ஸ் பிராக்டிஷனரோ டாக்டரோ எழுத வேண்டும். உறவினர், குடும்ப நண்பர் வேண்டவே வேண்டாம். பெரிய பதவிக்காரர் எழுதினால் எடுபடும் என்று பலர் நினைக்கிறார்கள். வராந்தாவில் வணக்கம் சொன்னதைத் தவிர உங்களைத் தெரியாதவர் என்ன எழுதுவார்? உங்களை நேரில் வேலை வாங்கிய நர்ஸ் மேனேஜரின் கடிதமே மேல்.

தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் முடித்தவர்கள் பழைய மேடத்திடம் கேட்கலாம். ஆனால் கல்லூரி மின்னஞ்சல் முகவரி இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். சொந்த ஜிமெயிலை ஏற்காத இடங்களும் உண்டு.

படி 2: எப்படிக் கேட்பது?

கடைசித் தேதிக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்னால் கேளுங்கள். ஷிப்ட் மாறும்போது நோயாளிகளை அடுத்த நர்ஸிடம் ஒப்படைக்கும் ஹேண்ட்ஆஃப் நேரத்தில் ஓடிப்போய்க் கேட்காதீர்கள், பத்து நிமிடம் ஒதுக்கச் சொல்லிக் கேளுங்கள். "என் வேலையைப் பற்றி நல்லபடியாக, விவரமாக எழுத உங்களால் முடியுமா?" என்பதுதான் சரியான கேள்வி. அவர் தயங்கினால் நன்றி சொல்லிவிட்டு வேறொருவரைப் பாருங்கள். அரை மனதாக எழுதிய கடிதம் உங்களுக்கு எதிராகவே பேசும்.

படி 3: நினைவுக் குறிப்பு

என்னைக் கேட்டால் இதுதான் முக்கியமான படி. ரெஸ்யூமே, உங்கள் கட்டுரை, கல்லூரிகளின் பட்டியல், கடைசித் தேதிகள் இவற்றோடு ஒரு பக்கக் குறிப்பும் கொடுங்கள். அவர் கண்ணால் பார்த்த சம்பவங்கள் இரண்டு மூன்று அதில் இருக்க வேண்டும்.

"கடின உழைப்பாளி" என்று எழுதினால் பயனில்லை. இப்படி எழுதுங்கள்: "அறுவை சிகிச்சை முடிந்த இரண்டாம் நாள் இரவு. நோயாளிக்குக் காய்ச்சல் இல்லை, பி.பி. கொஞ்சம்தான் இறங்கியிருந்தது. ஆனால் இரண்டு மணி நேரத்தில் 40 மில்லி சிறுநீர்தான் வந்தது, மூச்சு நிமிடத்துக்கு 26. செப்சிஸாக இருக்குமோ என்று ரேபிட் ரெஸ்பான்ஸ் டீமை அழைத்தேன். அன்று நீங்கள்தான் சார்ஜ் நர்ஸ்." (செப்சிஸ் என்பது தொற்றால் உறுப்புகள் பாதிக்கப்படும் ஆபத்தான நிலை. ரேபிட் ரெஸ்பான்ஸ் டீம் என்பது நோயாளியின் நிலை மோசமாகும்போது உடனே வரும் அவசரக் குழு. சார்ஜ் நர்ஸ் என்பவர் அந்த ஷிப்டில் வார்டுக்குப் பொறுப்பான நர்ஸ்.) இதைப் படித்ததும் அவருக்கு அந்த இரவு ஞாபகம் வரும், அப்புறம் சொந்த வார்த்தையில் எழுதுவார். நிலைமையைக் கணித்து முடிவெடுக்கத் தெரிந்தவரா என்பதைத்தான் தேர்வுக்குழு தேடுகிறது. நோயாளியின் பெயர், அறை எண், தேதி எதையும் எழுதாதீர்கள், நோயாளிகளின் தகவலைப் பாதுகாக்கும் ஹிப்பா சட்டம் இருக்கிறது.

படி 4: நர்சிங்காஸில் பதிவது

பல கல்லூரிகள் நர்சிங்காஸ் (NursingCAS) என்ற பொது விண்ணப்பத் தளம் வழியாக விண்ணப்பம் வாங்குகின்றன. எழுதுபவரின் பெயரையும் மின்னஞ்சலையும் நீங்கள் கொடுத்தால், இணைப்பு அவருக்கு நேரே போகும். கடிதத்தை அவர்தான் பதிவேற்ற வேண்டும், நீங்கள் செய்ய முடியாது. கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று ஒரு கேள்வி வரும். மாணவர்களின் கல்விப் பதிவுகள் பற்றிய 1974ஆம் ஆண்டின் ஃபெர்பா சட்டம் தரும் உரிமை அது. விட்டுக்கொடுப்பதே நல்லது, ஒளிவுமறைவின்றி எழுதிய கடிதம் என்ற நம்பிக்கை அப்போதுதான் வரும்.

பதிந்த அன்றே அவருக்கு ஒரு மெசேஜ் போடுங்கள்: "இணைப்பு வந்ததா? ஸ்பேமிலும் பாருங்கள்." எனக்கு ஒருமுறை மூன்று வாரம் இப்படித்தான் வீணானது. மருத்துவமனை மின்னஞ்சலின் ஸ்பேமில் அந்த இணைப்பு கிடந்தது, நானோ அவர் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துக் காத்திருந்தேன்.

படி 5: நினைவூட்டல்

இரண்டு வாரம் இருக்கும்போது ஒருமுறை, ஒரு வாரம் இருக்கும்போது ஒருமுறை மெதுவாக ஞாபகப்படுத்துங்கள். கடிதம் வந்து சேர்ந்ததும் கைப்பட ஒரு நன்றிக் குறிப்பு எழுதிக் கொடுங்கள். இடம் கிடைத்ததா இல்லையா என்பதையும் அவரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள்.