பிரேக் மிதித்தால் பெடல் உதைக்கிறதா? டிஸ்க் மாட்டும்போதே தடுத்துவிடலாம்

வேகத்தில் பிரேக் பிடித்தால் பெடல் காலை உதைக்கும், ஸ்டியரிங் கையில் ஆடும். மெக்கானிக்கிடம் காட்டினால் ‘டிஸ்க் பெண்டு சார்’ என்பார்கள். உண்மையில் டிஸ்க் (சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டு) வளைவது அபூர்வம். கோணலாக உட்கார்ந்த டிஸ்க், ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பேடை (டிஸ்க்கை அழுத்தி நிறுத்தும் கட்டை) உரசும். சில ஆயிரம் கிலோமீட்டரில் டிஸ்க்கில் அந்த இடம் மட்டும் மெலிந்துவிடும், உதைப்பது அதுதான். மாட்டிய அன்று வண்டி வெண்ணெய் மாதிரி நிற்பதும், மாதங்கள் கழித்து ஆட்டம் தொடங்குவதும் இதனால்தான். (அவசர பிரேக்கில் மட்டும் பெடல் கடகடவென்று அதிர்ந்தால் அது ஏபிஎஸ், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு. விட்டுவிடுங்கள்.)

படி 1: ஹப்பைச் சுத்தம் செய்யுங்கள்

ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் வைத்து, வீல், காலிப்பர் (பேடை அழுத்தும் பாகம்), பழைய டிஸ்க் மூன்றையும் கழற்றுங்கள். காலிப்பரை பிரேக் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டிவையுங்கள்.

இப்போது டிஸ்க் உட்காரும் ஹப் முகத்தைப் பாருங்கள். வீல் நட்டு ஏறும் ஸ்டட் முளைக்கும் இடத்தைச் சுற்றித் துரு வளையம் வளையமாகப் படிந்திருக்கும். கம்பி பிரஷ், பிறகு உப்புத்தாள். நகத்தால் வருடினால் எங்கும் தட்டக் கூடாது. பல கார்களில் சுற்றும்போது டிஸ்க்கின் பக்கவாட்டு ஆட்டம் சுமார் 0.05 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். சாதாரணக் காகிதத்தின் தடிமனில் பாதி. ஹப்பில் ஒட்டியிருக்கும் ஒரு துருப்பொருக்கு, டிஸ்க் விளிம்புக்குப் போவதற்குள் அதைத் தாண்டிவிடும். சோம்பேறித்தனத்தால் நான் ஒருமுறை இந்தப் படியைத் தவிர்த்து, அதே டிஸ்க்கை இரண்டு முறை கழற்றினேன்.

படி 2: டிஸ்க்கும் காலிப்பரும்

புது டிஸ்க்கின் மேல் இருக்கும் எண்ணெய்ப் பூச்சை பிரேக் கிளீனரால் துடையுங்கள். காலிப்பர் பின்கள் கையால் தள்ளினால் வழுக்கிப் போக வேண்டும். இறுகியிருந்தால் சுத்தம் செய்து பிரேக் கிரீஸ் தடவுங்கள்.

படி 3: நட்டு

வீல் நட்டுகளை எதிரெதிராக, நட்சத்திர வரிசையில், இரண்டு மூன்று சுற்றாக முறுக்குங்கள். கடைசிச் சுற்று டார்க் ரெஞ்சில் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்), வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கு. இம்பாக்ட் கன்னால் ‘டர்ர்’ என்று ஒரே மூச்சில் இறுக்குவது எனக்கு அறவே பிடிக்காது. ஒரு நட்டு அதிகமாகவும் அடுத்தது குறைவாகவும் இறுகி, டிஸ்க்கைக் கோணலாக இழுத்துவிடும். பஞ்சர் போட்டு வரும்போதும் இதே கதைதான், அதனால் வீட்டுக்கு வந்து ஒருமுறை தளர்த்தி முறுக்கிவிடுவேன்.

படி 4: பேடைப் பழக்குங்கள்

வண்டியை எடுக்கும் முன் பெடல் கெட்டியாகும் வரை மிதியுங்கள். பிறகு காலியான சாலையில் 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை மிதமாகப் பிரேக் பிடியுங்கள். இடையில் அரை நிமிடம் ஓட்டி ஆறவிட்டு, எட்டு பத்து தடவை. முழுதாக நிறுத்தி பெடலை மிதித்தபடியே இருந்தால், சூடான பேடின் பொருள் அந்த இடத்தில் மட்டும் அப்பிக்கொள்ளும். மலைப்பாதையில் இறங்கி வந்து நிற்கும்போதும் அப்படியே. இறக்கத்தில் கியரைக் குறைத்து இன்ஜினைப் பிடிக்க விடுங்கள்.

ஏற்கெனவே ஆட்டம் வந்துவிட்டதா? வெறும் அப்பல் என்றால் படி 4-ஐ மறுபடி செய்தாலே சில நேரம் போய்விடும். போகாவிட்டால் லேத்தில் சீவலாம். அதற்கு முன் டிஸ்க்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனைப் படியுங்கள். சீவிய பின் அதற்குக் கீழே போகுமென்றால் புதுசுதான்.